தையல் மெஷின் டிரம்ஸ்

பாடகர்: விமர்சனத்தையெல்லாம் படிக்காத மாப்ள. அந்த போனைக் கீழ வை.

டிரம்ஸ்காரர்: இரு மச்சான்... 'இருபத்தஞ்சு வருஷமா நம்ம காதைக் கிழிச்ச டெத் மெட்டல் பேண்டா இது? புது ஆல்பத்துல டிரம்ஸைக் கேட்டா தையல் மெஷின் ஓடுற மாதிரி இருக்கு. வாசிச்சது ஆளா, பேயா?'

பாடகர்: எவனோ வேலைவெட்டி இல்லாதவன். பேருகூட போடல பாரு.

டிரம்ஸ்காரர்: பேரு இல்லாட்டி என்ன, காது இருக்குல்ல?

பாடகர்: வெளிய கூட்டம் கத்துறது கேக்குதா? இப்ப மேடைக்குக் கூப்பிட்டுருவாங்க. கையைச் சூடு பண்ணு.

டிரம்ஸ்காரர்: ஆல்பத்துல இருக்கற மூணாவது பாட்டு இன்னிக்கு உண்டா?

பாடகர்: ...அது வேணாம்.

டிரம்ஸ்காரர்: ஏன்? இருக்கறதுலயே வேகமான பாட்டு. ஜனங்க அதைத்தான் கேப்பாங்க.

பாடகர்: எனக்குத் தொண்டை சரியில்ல.

டிரம்ஸ்காரர்: உன் தொண்டையா, என் கையா?

பாடகர்: ஆரம்பிச்சிட்டியா... உன் கைக்கு என்ன? சிங்கம்டா நீ.

டிரம்ஸ்காரர்: சிங்கம் அந்தப் பாட்டு நடுவுல குச்சியைக் கீழ போட்டுருச்சு மச்சான்.

பாடகர்: என்னது?

டிரம்ஸ்காரர்: ரெக்கார்டிங் அன்னிக்கு. விரல் மரத்துப்போய் நழுவிடுச்சு. குனிஞ்சு எடுக்குற வரைக்கும் கால் மட்டும்தான் அடிச்சிட்டு இருந்துச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான நின்ன நீ? வந்து காதைத் திருகப் போறன்னு பாத்தேன். 'பிரமாதம்'னுட்டு போய்ட்ட. ஆல்பத்துல அந்த இடத்துல ஓட்டையே இல்ல. ஒரு அடி பிசகல. வாசிச்சது யாரு?

பாடகர்: மாப்ள... சொல்றதைக் கேளு...

டிரம்ஸ்காரர்: யாருன்னு கேட்டேன்.

பாடகர்: கம்ப்யூட்டர்! போதுமா? நானும் சவுண்ட் இன்ஜினியரும் உக்காந்து போட்டோம். எல்லாப் பாட்டுக்கும். உனக்கு காபி டம்ளர்கூட கையில நிக்க மாட்டேங்குதுன்னு உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி மாதிரி, போன்ல அழறா. இந்தப் பக்கம் ஆல்பம் கம்பெனிக்காரன், உன்னைத் தூக்கிட்டு வேற ஆளைப் போடுன்றான். நான் எப்படிடா உன்கிட்ட சொல்லுவேன்?

டிரம்ஸ்காரர்: வாயால.

பாடகர்: சொல்லியிருந்தா அன்னிக்கே குச்சியை உடைச்சுப் போட்டிருப்ப.

டிரம்ஸ்காரர்: உடைச்சிருப்பேன். என் குச்சி.

பாடகர்: சரி, தப்புதான். கால்ல விழணுமா? அதான் ஊரே காறித் துப்புதே... எல்லாம் அந்த விமர்சனக்காரன் கொளுத்திப் போட்டது. விளங்குவானா அவன்?

டிரம்ஸ்காரர்: ஆளைத் திட்டாத. அவன் எழுதினதை முழுசாப் படிச்சியா?

பாடகர்: மனப்பாடமே ஆயிடுச்சு.

டிரம்ஸ்காரர்: குரலைப் பத்தி என்ன எழுதியிருக்கான்?

பாடகர்: ஒண்ணும் இல்ல. நல்லவேளை.

டிரம்ஸ்காரர்: அதென்ன நல்லவேளை?

பாடகர்: சும்மா... வாய்ல வந்துச்சு.

டிரம்ஸ்காரர்: கடைசிப் பாட்டுல டிரம்ஸ் நின்னு, நீ தனியா உறுமுற இடம் இருக்கே. பின்னாடி 'கிறீச்'னு ஒண்ணு கேக்குது.

பாடகர்: ஏதாவது கம்பி உரசியிருக்கும்.

டிரம்ஸ்காரர்: என் பழைய ஸ்டூல் மச்சான் அது. ஆரம்பத்துல கார் ஷெட்ல ஒரே மைக்கை நடுவுல வச்சு ரெக்கார்ட் பண்ணுவோமே... நான் கொஞ்சம் அசைஞ்சாக்கூட கத்தும், நீகூட செருப்பைத் தூக்கி எறிவியே. அந்த ஸ்டூல் உடைஞ்சு எவ்வளவு காலம் ஆச்சு? பழைய டேப்புல இருந்து உன் குரலை வெட்டி ஒட்டியிருக்க. டாக்டர் என்ன சொன்னாரு?

பாடகர்: ...இப்படியே உறுமிட்டு இருந்தா பேச்சே போயிடும்னாரு. வீட்டுல கூடச் சொல்லல மாப்ள. பயமா இருக்குடா.

டிரம்ஸ்காரர்: அப்புறம் இன்னிக்கு மேடையில?

பாடகர்: வேற என்ன செய்ய? உறுமித்தான் ஆகணும். நல்லவேளை, அந்த விமர்சனக்காரன் காதுல இது விழல.

டிரம்ஸ்காரர்: விழுந்துச்சு.

பாடகர்: போடா... விழுந்திருந்தா விட்டிருப்பானா? உன்னை அந்தக் கிழி கிழிச்சவன் என்னை மட்டும் ஏன் விடணும்?

டிரம்ஸ்காரர்: எல்லாரும் டிரம்ஸையே திட்டிட்டு இருந்தா உன் தொண்டைப் பக்கம் எவனும் வரமாட்டான்னுதான் மச்சான்... அதை எழுதினதே நான்தான்.