இரண்டாவது பிரதி

உங்கள் காவல் நிலையத்து மேசையில் இருக்கும் கணினி இவ்வளவு மெதுவாகத் திறப்பதற்கு அதன் வயது காரணமில்லை, மேடம். யாரோ வந்து கண்டதையும் அதில் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். அரை மணி நேரம் கொடுத்தால் சரிசெய்து தருகிறேன். வேண்டாமென்றால் விடுங்கள். கண்ணெதிரே ஒரு இயந்திரம் திணறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது.

என் மச்சினன் கொடுத்த புகாரைப் படித்தேன். எழுத்துப் பிழைகளைத் தவிர மற்றதெல்லாம் உண்மைதான். 'மனசாட்சியில்லாமல்' என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறான், அதை மட்டும் ஏற்க மாட்டேன். நான் எதையும் யோசிக்காமல் செய்கிற ஆள் இல்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

ஓர் அலுவலகத்தின் கணினிகளைப் பராமரிப்பது என் வேலை. வீட்டிலும் அதே வேலைதான், சம்பளம் மட்டும் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டுக்குள் வந்த ஒவ்வொரு கருவியும் நான் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. கணினியை இயக்க எல்லோரும் போடுகிற விண்டோஸ் கிடையாது, லினக்ஸ்தான், அதில் பேச்சுக்கே இடமில்லை. என் மனைவிக்கு இதிலெல்லாம் பிடிவாதம் இருந்ததில்லை. ஒருமுறை அவள் கைக்குப் பழகிய போனை வாங்கி வைத்துக்கொண்டு வேறு ரகம் ஒன்றைக் கொடுத்தேன். பழையதில் இருந்த பாட்டுகளும், மகள் தவழ்ந்த காலத்துப் படங்கள் கொஞ்சமும் புதியதுக்கு வரவில்லை. "பழகிடும். இதுல விளம்பரத் தொல்லை இல்ல" என்றேன். கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு "சரிங்க" என்றாள். அவளிடம் எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஒரு சொல்தான். பேச்சை எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் அங்கே வந்து நின்றுவிடுவாள்.

அவள் தம்பி நேரெதிர். பள்ளியில் கணக்கு வாத்தியார், ஆனால் உலகத்தில் அவனுக்குத் தெரியாத விஷயமே கிடையாது. விண்டோஸைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவான். "மாமா, உங்க சிஸ்டத்துல நீங்க ஒரு பிரிண்டரைச் சேக்கறதுக்குள்ள நான் பிரிண்ட் எடுத்து, ஹெட்மாஸ்டர்கிட்ட கையெழுத்து வாங்கி, வீட்டுக்கே போய்ச் சேந்துடுவேன்" என்று என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டே சொல்வான். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு, அவன் சொல்வதில் இருக்கும் தவறை விளக்குவேன். காது கொடுத்துக் கேட்டால்தானே.

இப்படி இருக்கும்போதுதான் என் மனைவியின் தொண்டையில் கட்டி வந்தது. உயிரைக் காப்பாற்றிவிடலாம், ஆனால் குரல்வளையை முழுவதுமாக எடுத்தாக வேண்டும் என்றார் மருத்துவர். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நானும் உடைந்துதான் போனேன். எனக்கு அவள்மேல் அக்கறை இல்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

மச்சினன் ஒரு மென்பொருளைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தான். "ஆபரேஷனுக்கு முன்னாடி அக்கா பேசறதை நிறையப் பதிவு பண்ணிடணும் மாமா. அப்புறம் அக்கா டைப் அடிச்சா, அது அக்கா குரல்லயே பேசும்" என்றான். நல்ல யோசனை. நான் சொல்லியிருக்க வேண்டியது, அவன் முந்திக்கொண்டான். ஒரே சிக்கல், அது விண்டோஸில் மட்டும்தான் ஓடும். என் கணினியில் ஓடவைக்கிறேன் என்று நானும் மாய்ந்து மாய்ந்து முயன்றேன். ஓடியது. ஆனால் வந்தது அவள் குரல் இல்லை, தண்ணீருக்குள்ளிருந்து யாரோ எழுத்துக்கூட்டிப் படிப்பது போல இருந்தது. இன்னும் கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்றேன்.

"நாள் இல்லைங்க" என்றாள் கரகரத்த குரலில். "தம்பி லேப்டாப்லயே பண்ணிடறோம்."

அன்று அவள் 'சரிங்க' சொல்லவில்லை.

படுக்கையறை ஜன்னலிலும் அலமாரியிலும் போர்வைகளைத் தொங்கவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அக்காவும் தம்பியும் பதிவு செய்தார்கள். சத்தம் பதிவில் விழுகிறதாம், கூடத்து மின்விசிறியை நிறுத்தச் சொன்னார்கள். வேர்த்து வடிய நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். "சாப்பிட்டியா குட்டிமா?" "மழை வருது, துணியை எடு." "போடா, உனக்கு வேற வேலையில்ல." அவள் சிரிப்பதுகூடக் கேட்டது. சாகக் கிடந்தவளுக்கு அங்கே என்ன சிரிப்பு என்று தோன்றியது, தப்பில்லையே.

பதிவு முடிந்ததும் அதையெல்லாம் இணையத்தில் ஒரு பிரதி போட்டு வைக்கலாம் என்றான் மச்சினன். நான் விடவில்லை. "உங்க அக்கா குரல் எவனோ ஒருத்தன் கம்ப்யூட்டர்ல கெடக்கணுமா? இரண்டாவது பிரதின்னா அது நம்ம கையில இருக்கணும்" என்றேன். பெரிய வாக்குவாதம். கடைசியில், வாழ்க்கையில் முதல் தடவையாக, அவன் இறங்கி வந்தான். ஒரு சின்ன டிஸ்க்கில் எல்லாவற்றையும் நகலெடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். "நம்ம ரெண்டு பேர்ல இதையெல்லாம் பொறுப்பா வெச்சுக்கத் தெரிஞ்சவர் நீங்கதான் மாமா" என்றான். அன்று அவன்மேல் எனக்கு நிஜமாகவே பாசம் வந்தது. டிஸ்க்கை என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தாள். கழுத்தில் மூச்சுக்கு ஒரு துளை, மடியில் தம்பியின் மடிக்கணினி. முதல் தடவை அது "குட்டிமா" என்று கூப்பிட்டபோது மகள் ஓடிவந்து கணினியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அது அவளேதான், மேடம். மூக்கால் லேசாக இழுக்கும் அந்தக் கடைசி எழுத்து வரை அவளே.

கொஞ்ச நாளில்தான் எனக்கு ஒன்று புரிந்தது. குரல்வளை இருந்த காலத்தில் அவள் பேசும்போது என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவாள். நான் புருவத்தை உயர்த்தினால் வாக்கியம் பாதியில் திரும்பி 'சரிங்க'வில் வந்து விழும். இப்போது அவள் பார்ப்பது விசைப்பலகையை. குனிந்து தட்டி முடித்துவிட்டு ஒரு பொத்தானை அழுத்துவாள், முழு வாக்கியமும் வெளியே வரும். தடுமாறாது, தழுதழுக்காது. "வேண்டாம்." "இன்னைக்கு எனக்கு முடியாது." "என் பழைய போன் எங்க?" அதைத் தூக்கிப் போட்டுப் பல வருடம் ஆகிறது. அத்தனை வருடமும் இந்தக் கேள்வியை எங்கே வைத்திருந்தாள் என்று தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சினன் சாப்பிட வந்திருந்தான். வழக்கமான பேச்சுதான். பாதுகாப்பு என்றால் லினக்ஸ் என்றேன் நான். பாதுகாப்பா பூட்டி வெச்சு என்ன மாமா பண்றது, உபயோகப்படணுமே என்றான் அவன். நான் என் மனைவியைப் பார்த்தேன். ஆதரவுக்கு இல்லை, சும்மா பார்த்தேன். அவள் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். நாங்கள் காத்திருந்தோம்.

"இத்தனை வருஷத்துல எனக்கு எது வேணும்னு இந்த வீட்ல யாரும் கேட்டதில்ல. எனக்கு இதுதான் வேணும். இதுல என்னால பேச முடியுது" என்றது கணினி. ஒலியை வேறு கூட்டி வைத்திருந்தாள்.

மகள் கைதட்டினாள். மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான், என்மேல் பரிதாபப்பட்டான் என்று நினைக்கிறேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவமானமாக இருந்தது. ஆனால் நான் குரலை உயர்த்தினேனா? இல்லை. ரசம் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தேன்.

அடுத்த வாரம், "லேப்டாப் ரொம்பத் திணறுது, சுத்தம் பண்ணித் தரேன்" என்றேன். அவள் மதியம் கொஞ்சம் படுக்கப் போகிற நேரம். மடிக்கணினியை என்னிடம் கொடுப்பதற்கு முன் எதையோ தட்டினாள்.

"பாத்துப் பண்ணுங்க" என்றது.

அந்தக் குரல் கடைசியாகப் பேசியது அதுதான். என்னிடம்தான் பேசியது.

லினக்ஸை நிறுவும்போது, இதில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும், தொடரலாமா என்று திரையில் கேட்கும். நான் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தவில்லை. படித்துவிட்டுத்தான் அழுத்தினேன்.

எழுந்து வந்து திறந்து பார்த்தாள். எல்லா இடத்திலும் தேடினாள். "லேப்டாப்புக்குள்ள இருக்கற டிஸ்க் கெட்டுப்போச்சும்மா. வேற வழியில்லாம எல்லாத்தையும் மாத்த வேண்டியதாப் போச்சு" என்றேன். அவள் வாய் திறந்தது. குரல்வளை இல்லாதவர்கள் அழுதால் சத்தம் வராது, மேடம், கழுத்துத் துளையில் காற்று மட்டும் வரும். பக்கத்து அறையில் இருந்தால் தெரியவே தெரியாது.

மகள்தான் மாமாவுக்குப் போன் செய்தாள். அவன் பதறவில்லை. "பரவால்ல, அப்பாகிட்ட இன்னொரு காப்பி இருக்கு. நான் வந்து ஏத்திக் குடுக்கறேன்னு அம்மாகிட்ட சொல்லு" என்றான். மகள் சொன்னாள். என் மனைவி என்னைப் பார்த்துக் கைகூப்பினாள்.

இந்த இடத்தை நீங்கள் சரியாக எழுதிக்கொள்ள வேண்டும். அதுவரை நடந்ததைத் திருப்பியிருக்கலாம். அலமாரியில் பூட்டி வைத்த டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது. என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அதைச் செருகி, இரண்டு மூன்று பதிவுகளைக் கேட்கவும் செய்தேன். கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு நடக்கப்போவது கண்முன் வந்தது. அவன் வருவான், அவன் சிஸ்டத்தை மறுபடியும் போடுவான், குரலை ஏற்றி அக்காவின் மடியில் வைப்பான். எல்லோரும் அவனையே பார்ப்பார்கள். அந்தக் குரல் முதலில் அவனுக்கு நன்றி சொல்லும், அப்புறம் என்னைக் கேள்வி கேட்கும், நான் சாகும்வரை கேட்டுக்கொண்டே இருக்கும்.

வெறுமனே அழித்தால் மீட்டுவிடலாம். அதனால் பழைய பதிவுகளின் மேலேயே டிஸ்க் முழுவதும் பூஜ்ஜியத்தை எழுதி மூடினேன். அவன் ஊரின் மறுகோடியிலிருந்து வர வேண்டும், அந்த நேரம் எனக்குப் போதுமானதாக இருந்தது. அழைப்புமணி அடித்தபோது டிஸ்க்கில் இன்னும் சூடு இருந்தது. "இதுவும் போயிடுச்சுப்பா" என்று அதை அவன் கையில் கொடுத்தேன். அவன் என்னைச் சந்தேகப்படவில்லை. என் தோளைத் தட்டி, "விடுங்க மாமா, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றான். மீட்டுத் தருகிறவர்களிடம் அவன் கொண்டுபோய்க் கொடுப்பான் என்று நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். டிஸ்க்கில் ஒரு பழுதும் இல்லை, யாரோ வேண்டுமென்றே செய்தது என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகுதான் இந்தப் புகார்.

நான் அவளை ஊமையாக்கிவிட்டதாக எழுதியிருக்கிறான். அது அபாண்டம். என் சிஸ்டத்தில் வேறொரு பெண் குரலை ஏற்றிக் கொடுத்தேன். தெளிவான குரல், உச்சரிப்பு அவளுடையதைவிடச் சுத்தம். ஒரு தடவை போட்டுப் பார்த்தாள். மகள் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அதன் பிறகு என் மனைவி அதைத் தொடவில்லை. உண்மை தெரிந்த அன்றே அக்காவையும் மகளையும் மச்சினன் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். கிளம்பும்போது அவள் ஒரு காகிதத்தில்கூட எனக்கு எதையும் எழுதவில்லை. மடிக்கணினியையும் எடுத்துக்கொள்ளவில்லை.

எல்லாவற்றையும் அழித்துவிட்டேன் என்பது முழு உண்மையில்லை. இதை நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். டிஸ்க்கை மூடுவதற்கு முன் ஒரே ஒரு பதிவை மட்டும் என் கணினிக்கு எடுத்துக்கொண்டேன். அவள் விட்டுப்போன மடிக்கணினியின் திரையில் அதற்கு ஒரு பொத்தான் வைத்திருக்கிறேன். மச்சினன் கேட்டால் தருவதற்கில்லை, அது எங்கள் இருவருக்கும் நடுவில் உள்ளது.

வீடு அமைதியாக இருக்கிறது. எல்லாக் கருவியிலும் ஒரே சிஸ்டம், ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. இன்று காலை இங்கே கிளம்புவதற்கு முன்னால் அந்த மடிக்கணினியைத் துடைத்து, சாப்பாட்டு மேசையில் அவள் உட்காரும் இடத்தில் திறந்து வைத்தேன். "நடந்தது நடந்துபோச்சு. கோபத்தை விட்டுட்டு, பொண்ணைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்துடு" என்றேன். பொத்தானை அழுத்தினேன்.

"சரிங்க" என்றாள்.