குழாயின் நுனி

— இப்பதான் டாக்டர் கேட்டுட்டுப் போனாரு வினோ. உங்கப்பா கழுத்துக் குழாய்ல தண்ணிய வேகமா தள்ளச் சொன்னது யாருன்னு.

— யாரு மாமா?

— நீதான்.

— நானா?

— போன மாசம் சிதம்பரத்துல உன் லேப்ல காட்டுனியே. குழாய்க்குள்ள கிருமிங்க பாசியாட்டம் ஒட்டிக்கிட்டிருக்கும், மெதுவா தண்ணி விட்டா சவ்வு மாதிரி நீளும், கழண்டுக்காது. வெடுக்குனு ஒரே தள்ளு தள்ளுனா பிச்சிக்கிட்டுப் போயிடும்னு. எட்டு வருசமா டயாலிசிஸ் ரூம்ல நிக்கிறேன், எவனும் எனக்கு இப்படிச் சொல்லித் தரல. கொழுந்தியா படிச்சவளாச்சேன்னு நம்புனேன்.

— அது கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்குற கணக்கு மாமா. ஆளுக்குச் செய்யறது இல்ல.

— அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல? டீய கையில குடுத்துட்டு, ‘பாத்தீங்களா, குழாய் சுத்தம்’னியே.

— அப்பாவுக்கு எப்ப குளிர் வந்துச்சு?

— நேத்து காலையில. குழாய் அடைச்சிக்கிச்சு. சிரிஞ்சுல உப்புத்தண்ணி எடுத்து ஒரே தள்ளு, வழி விட்டுடுச்சு. ‘அருளு, இன்னிக்கு ரெண்டு மணி குமராட்சி மினிபஸ்ஸ புடிச்சிருவேன்’னு சிரிச்சாரு. அரைமணி நேரத்துல கட்டிலோட தூக்கிப் போட்டுது. இப்ப நுரையீரல்ல போயி அடைச்சிருக்குன்றாங்க. ரத்தம் பூரா கிருமின்றாங்க.

— கடவுளே.

— பிச்சிக்கிட்டுப் போனது எங்கதான் போவும் வினோ? உன் கம்ப்யூட்டர்ல எங்க போச்சு?

— எங்கயும் போகல. குழாய் நுனியோட படம் முடிஞ்சிரும். அதத் தாண்டுனத கணக்குலேர்ந்து எடுத்துருவோம். எடுத்துட்டா... சுத்தம்னு காட்டும்.

— அந்த நுனி உங்கப்பா நெஞ்சுக்குள்ள இருக்கு.

— தெரியும்.

— தெரியுமா?

— தெரியும் மாமா. எத்தன மில்லிமீட்டர் உள்ளன்னுகூட தெரியும். யோசிக்கலதான்.

— உங்கக்கா கேட்டா என்ன சொல்றது?

— நான் சொல்லித்தான் நீங்க செஞ்சீங்கன்னு டாக்டர்ட்ட நானே சொல்லிடுறேன். அப்பாவோட இது நிக்கட்டும். வேற யாருக்கும் இப்படித் தள்ளாதீங்க.

— நேத்துலேர்ந்து நான் எங்க டயாலிசிஸ் ரூமுக்குள்ள போனேன்? இந்த ஐசியூ வாசல்லயேதான் கெடக்குறேன். எனக்குப் பதிலா கலைமணிதான் நேத்து மத்தியானத்துலேர்ந்து டூட்டி.

— அவுங்களுக்கு இது தெரியாதுல்ல?

— அன்னிக்கு லேப்ல நீ குடுத்த படத்த மிஷினுக்கு மேல செவுத்துல ஒட்டி வச்சிருக்கேன் வினோ. ஒரே தள்ளுல குழாய் சுத்தம், எங்க வீட்டுப் பொண்ணு கண்டுபிடிச்சதுன்னு எழுதி.