மூடி மேல ரெண்டு தட்டு

சாவியா? இருக்கு தம்பி, எங்கிட்டதான் இருக்கு. தர மாட்டேன்னு யாரு சொன்னா? சூப்பர்வைசர் சொல்லிட்டுத்தான் போனாரு, இன்ஜினியர் வர்றாரு, சாப்பாட்டு நேரத்துல ரோபோ கூண்டத் தொறந்து விடு, பெல்ட்டு திரும்ப ஓடுறதுக்குள்ள முடிச்சுட்டுப் போயிடுவாருன்னு. தொறக்குறேன். அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு செத்த நேரம் உக்காருங்க. காலைலருந்து நின்னுக்கிட்டே இருக்கேன், முட்டி ரெண்டும் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. சார்னு கூப்புட வேணாமா? சரி, தம்பின்னே வச்சுக்குவோம்.

நீங்க என்னத்த எடுக்க வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். பெட்டிய மூடி முடிச்சதும் இந்த ரோபோ கை மூடி மேல ரெண்டு தட்டு தட்டுதே, டொக் டொக்குன்னு, அதத்தான? அத மட்டும் இப்பத்திக்குத் தொடாதீங்கன்னு கேக்கத்தான் உங்கள உக்கார வச்சேன். சிரிக்காதீங்க தம்பி. சிரிக்கிற நெலமைல நான் இல்ல.

தேவையில்லாத அசைவுதான். நான் இல்லைன்னு சொல்லலையே. பெட்டிக்கு ஒரு செகண்டு மிச்சம், சிறு துளி பெரு வெள்ளம்னு மீட்டிங்ல படமெல்லாம் போட்டுக் காட்டுனாங்க. அந்தத் தட்டுல ஏதோ தொழில் ரகசியம் இருக்குன்னு நான் கத விட மாட்டேன். ஒண்ணும் கெடையாது. தட்டலைன்னாலும் பெட்டி நல்லாத்தான் மூடியிருக்கும், உள்ள இருக்குற கண்ணாடி டம்ளருக்கும் ஒண்ணும் ஆகாது.

அப்பறம் எப்படி வந்துச்சா? இதக் கொண்டாந்து எறக்குனப்போ வேற ஒருத்தர் வந்தாரு, உங்களுக்கு முன்னாடி இருந்தவரு. ஆமா, சொட்டை, அவருதான். பெட்டி கட்டுறதுல யாரு வேல சுத்தம்னு கேட்டாரு. எல்லாரும் எங்க வீட்டுக்காரரக் காட்டுனாங்க. ஆமா தம்பி, அவரும் இங்கதான் வேல பாத்தாரு. இப்ப இது நிக்குதே, இதே எடத்துல அவரு நின்னு மூடி போட்டுத் தள்ளுவாரு, அடுத்தாப்புல நான் ஸ்டிக்கர் ஒட்டுவேன். வீட்டுல பேசுனதவிட இந்த பெல்ட்டுலதான் அதிகமா பேசியிருப்போம். பேச்சுன்னா என்ன, சண்டதான்.

அந்த சொட்டை இன்ஜினியர், இந்தக் கையோட மணிக்கட்டப் புடிச்சுக்கிட்டு நீங்க செய்யுற மாதிரியே செய்ங்க, அது அப்படியே மனப்பாடம் பண்ணிக்கும்னாரு. இவரும் பிள்ளைக்கு ஆனா ஆவன்னா எழுதப் பழக்குற மாதிரி, புடிச்சு புடிச்சு சொல்லிக் குடுத்தாரு. மூடிய எடுத்து, அந்தப் பக்கத்து ஓரத்த மொதல்ல சாய்ச்சு சொருகி, உள்ளங்கையால ஒரு அமுக்கு அமுக்கி, கடைசியா ரெண்டு தட்டு. தட்டுனத இவரும் கவனிக்கல, அவரும் கவனிக்கல. மறுநாள் சுவிட்ச் போட்டா, இது மூடுது, டொக் டொக். அடுத்தது, டொக் டொக். பெல்ட்டே விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. இவருக்குத்தான் கோவம். நான் எங்க தட்டுனேன், மெஷின்ல கோளாறுன்னு ஒரே அடம். வீட்டுல டிபன் பாக்ஸ மூடுனா ரெண்டு தட்டு, பீரோவ மூடுனா ரெண்டு தட்டு, பொண்ணு ஸ்கூல் பைய மூடிக் குடுத்தா அது மேலயும் ரெண்டு தட்டு. தொட்டில் பழக்கம். அந்த மனுஷன் நான் எங்க தட்டுனேங்குறாரு.

இதுக்கு நாங்க வச்ச பேரு தெரியுமா? மாப்ள. பின்ன என்ன? தூசி படக் கூடாது, சூடு ஆகாது. தரைல போட்டிருக்குற இந்த மஞ்சக் கோட்ட யாராச்சும் தெரியாம மிதிச்சுட்டா மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டு நின்னுடும். அப்பறம் சூப்பர்வைசர் ஓடி வந்து சமாதானப்படுத்தணும். அதோ போகுது பாருங்க, தானா ஓடுற வண்டி, மாப்ளக்கு காலி பெட்டி கொண்டாந்து குடுக்குறதுக்கு. மாப்ள வந்தா சீரும் வரணும்ல.

ஆளுங்களா? முன்னாடி இந்த பெல்ட்டுக்கு ரெண்டு பக்கமும் தோளு இடிக்க நிப்போம். கொஞ்சப் பேர வேற செக்‌ஷனுக்கு மாத்துனாங்க, கொஞ்சப் பேரு தானா போயிட்டாங்க. இப்ப நானும் மாப்ளயும்தான். பேச்சுத் தொணைக்குக்கூட ஆளு இல்ல. அதான் உங்களப் புடிச்சு வச்சு அறுக்குறேன்னு நெனைக்காதீங்க. எங்க வீட்டுக்காரர குடோன்ல போட்டாங்க, அந்த வண்டி எங்கயாச்சும் முட்டிக்கிட்டு நின்னா தள்ளி விடுற வேல. வருத்தப்பட்டாரான்னா, வெளிய காட்டிக்கல. என் கை அங்க வேல பாக்குது, நான் இங்க சம்பளம் வாங்குறேன், யாருக்குடி கெடைக்கும் இந்த ராஜ வாழ்க்கைன்னு சிரிப்பாரு.

இப்பவும் குடோன்லயா? இல்ல. வீட்டுல இருக்காரு. இருங்க, அதத்தான் சொல்ல வர்றேன்.

ஞாபகத்துக்காக வச்சுக்கக் கேக்குறேன்னு நெனைக்கிறீங்க. ஞாபகத்த வச்சுக்கிட்டு நான் என்ன தம்பி பண்ணப் போறேன்? ஒரு நாள் காலைல பல்லு வெளக்க பிரஷ்ஷ எடுத்தாரு, அது கீழ விழுந்துச்சு. எடுக்கக் குனிஞ்சவரு எந்திரிக்கல. பக்கவாதம். வலது பக்கம் பூரா இழுத்துக்குச்சு. பேச்சு திரும்ப வந்துடுச்சு, அது வராம இருக்குமா. காலும் வந்துடுச்சு, கம்பு ஊனி நடக்குறாரு. கைதான் வரல. மடில கெடக்கும், யாரோ மறந்து வச்சுட்டுப் போன பொருளு மாதிரி.

பயிற்சி குடுக்க ஒரு டாக்டரம்மா வராங்க. பந்தக் குடுத்து அமுக்கச் சொன்னா தூக்கிப் போட்டுடுவாரு, நான் என்ன சின்னப் பிள்ளையான்னு. அந்தம்மாதான் சொன்னாங்க, புதுசா ஒண்ணும் வேணாம், அந்தக் கைக்கு ரொம்ப நாளு பழகுன வேல எதுவோ அதக் குடுங்கன்னு. கெஞ்சிக் கூத்தாடி இங்கருந்து ஒரு நசுங்குன பெட்டிய எடுத்துட்டுப் போயி மடில வச்சேன். இடது கையால அத ஒரு சுத்து சுத்திப் பாத்தாரு. அப்பறம் எங்கிட்ட கேக்குறாரு தம்பி, நான் எப்படிடி மூடுவேன்னு.

எனக்கும் தெரியல. அத்தன வருஷம் பக்கத்துலயே நின்னிருக்கேன், சண்ட போட்டிருக்கேன், கைய எவ பாத்தா? செல்போன்ல படம் புடிக்கலாம்னா கம்பெனி கேட்டுலயே வாங்கி வச்சுக்குறாங்க. அதான் ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டே இந்த மாப்ள கையப் பாப்பேன். ஒரு நாளைக்கு ஒரு அசைவு. கண்ணுல வாங்கிக்கிட்டு வீட்டுக்கு ஓடிப் போயி, அவரு மணிக்கட்டப் புடிச்சு, அவரு இதுக்கு சொல்லிக் குடுத்த மாதிரியே நான் அவருக்கு சொல்லிக் குடுப்பேன்.

ரெண்டு தட்டுதான, அதுக்கு எதுக்கு இதுன்னு கேப்பீங்க. நானும் அப்படித்தான் நெனைச்சேன். நான் தட்டிக் காட்டுனா, இது என் தட்டு இல்லடிங்குறாரு. நான் எங்க தட்டுனேன்னு சாதிச்ச மனுஷன். மறுநாள் வந்து உத்துப் பாத்தா, ஆமா, மொதத் தட்டு வெரலு முட்டியால, ரெண்டாவதுக்கு மணிக்கட்ட ஒரு சுழட்டு சுழட்டுது. அந்தச் சுழட்டு எனக்குப் புடிபட மாட்டேங்குது.

மூடிய எடுக்குறாரு. சாய்ச்சு சொருகுறாரு. அமுக்குறது போன வாரம் வந்துச்சு. நேத்து நான் கைய விட்டுட்டு தண்ணி எடுக்கத் திரும்புனேன், பின்னால டொக்குன்னு ஒண்ணு கேட்டுச்சு. அவரே தட்டுனது. இன்னும் ஒண்ணுதான் பாக்கி.

இந்தாங்க தம்பி சாவி. பூட்டு கொஞ்சம் இறுகலா இருக்கும், பாத்துத் தொறங்க.