எலிக்காய்ச்சல்னுதானே பேரு?

...இல்லம்மா, நான் தெரியாமத்தான் கேக்குறேன். எலிக்காய்ச்சல்னுதானே அதுக்குப் பேரு? முயல் காய்ச்சல்னு வைக்கல, பசு மாட்டுக் காய்ச்சல்னு வைக்கல. எலி! அப்ப எலி எங்க இருக்குன்னு பாத்தா வேலை முடிஞ்சுது. எங்க இருக்கு? பக்கத்து வீட்ல இருக்கு. அந்த ஸ்லாட்டா வீட்ல. அதை விட்டுட்டு எங்கிட்ட வந்து நாலு பக்க ஃபாரத்தை நீட்டினா என்ன அர்த்தம்? உக்காருங்க, உக்காருங்க. ஐயய்யோ, அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். சரி பண்றேன் பண்றேன்னு ஈஸ்டர்லேர்ந்து சொல்லிக்கிட்டிருந்தாரு திஹோமிர். இப்ப அவரே ஆஸ்பத்திரியில படுத்துட்டாரு.

காபி போட்டாச்சு, வேண்டாம்னு சொல்லாதீங்க. சிசாக் சுகாதார ஆபீஸ்லேர்ந்து இந்த ஈரத்துல வந்திருக்கீங்க. ஸ்ட்ரூட்லா ஒரு துண்டு எடுத்துக்கோங்க, உள்ள ஆப்பிள் வச்சு நேத்து சுட்டது. ஆப்பிள் நம்ம மரத்துதான். நெவென்கா வீட்டுக்கு வந்துட்டு யாரும் வெறும் வயித்தோட போனதில்லை, ஊர்ல கேட்டுப் பாருங்க. ஸ்லாட்டாகிட்ட மட்டும் கேக்காதீங்க.

பேரா? எழுதிக்கோங்க. திஹோமிர். வயசு அறுபத்தி மூணு. ரயில்வேல தண்டவாளம் மாத்தி விடுற வேலை, ரிட்டயர்டு. பேசவே மாட்டாரும்மா. முப்பத்தாறு வருஷத்துல அவரு பேசினதையெல்லாம் சேத்து வச்சா ஒரு மத்தியானத்துக்குக்கூடக் காணாது. என்ன செய்யிறது, ரெண்டு பேருக்கும் சேத்து நானே பேசிக்கிட்டிருக்கேன்.

என்னைக்கு ஆரம்பிச்சுதுன்னா... பன்னெண்டு நாள் ஆச்சு. ஒரு திங்கக்கிழமை, விறகு பொளந்துட்டு உள்ள வந்தாரு, கால் வலிக்குதுன்னாரு. எங்கன்னேன். கெண்டைக்கால்னாரு. விறகு பொளக்குறது கையால, வலிக்கிறது காலா? போய்ப் படுங்கன்னு சொல்லிட்டேன். ராத்திரிக்குள்ள உடம்பு அடுப்பு மாதிரி கொதிக்குது. காலைல பாத்தா கண்ணு ரெண்டும் சிவப்பு. அழுத கண்ணு மாதிரி சிவப்பு. "அழுதீங்களா?"ன்னு கேட்டேன். "எதுக்கு?"ன்னாரு. நாலாம் நாள் அந்தச் சிவப்பு போகாமலேயே மேல மஞ்சளும் ஏறிடுச்சு. மூத்திரம் சொட்டுக்கூடப் போகல. அள்ளிப் போட்டுக்கிட்டு ஓடினேன்.

அங்க ஒரு சின்ன டாக்டர். மீசைகூட சரியா வரல. கண்ணை இழுத்துப் பாத்துட்டு, "தினம் எவ்வளவு ராக்கியா குடிப்பாரு?"ங்கிறான். நான் விட்டேனா? "தம்பி, ஞாயித்துக்கிழமை ஒரு சின்னக் கிளாஸ், அதுவும் எங்க வீட்டு பிளம்ல நாங்களே காய்ச்சினது, உங்கப்பா குடிக்கிறதை வச்சு எங்க ஆளைக் கணக்குப் போடாதே"ன்னு வார்டே திரும்பிப் பாக்குற மாதிரி கேட்டுட்டேன். ஆனா மூணு நாள், முழுசா மூணு நாள், குடிச்சுக் கெட்ட ஈரல்னு நினைச்சே பாத்தாங்கம்மா. அதுக்கப்புறம் ஒரு பெரிய டாக்டரம்மா வந்தாங்க. காலை அமுக்கினாங்க, அவரு கத்தினாரு. உடனே ரத்தத்தை எங்கயோ அனுப்பினாங்க. அப்புறம்தான் இந்தப் பேரு வந்துச்சு. பெனிசிலின் ஏத்தினாங்க. அதுக்குள்ள கிட்னி நின்னுபோச்சு. மெஷின்ல ரெண்டு தடவை ரத்தத்தைச் சுத்தம் பண்ணினாங்க. நான் வெளிய பெஞ்சுல.

...என்னது, அந்தக் கேள்வியா? விலங்கு. ம். வர்றேன், வர்றேன், அதுக்குத்தான் வர்றேன்.

எலிக்காய்ச்சல்னு சொன்ன உடனே எனக்குப் பளிச்சுன்னு ஆயிடுச்சு. ஸ்லாட்டாவோட சோளக்களஞ்சியம்! வேலி ஓரமா, அவங்க மாமனார் காலத்துல கட்டினது, சட்டமெல்லாம் உளுத்துப்போயி, உள்ள எலி கல்யாணமே நடத்தும். அன்னைக்கே பஞ்சாயத்துக்கு ஃபோன் போட்டுட்டேன். "என் புருஷன் சாகக் கெடக்கான், நீங்க எலிக்குச் சோளம் போட்டு வளர்க்க விட்டிருக்கீங்களா?"ன்னேன். மறுநாளே நாலு ஆளு வந்து களஞ்சியத்தைப் பிரிச்சுப் போட்டுட்டாங்க. சுத்தி நீல எலி மருந்து வச்சாங்க. நான் இதோ, இந்த ஜன்னல்லேர்ந்துதான் பாத்தேன். ஸ்லாட்டா ஒரு வார்த்தை பேசல. கைய கட்டிக்கிட்டு நின்னா. வாயே மூடாத பொம்பள! மூணாம் நாள் அவ பூனை செத்துக் கெடந்துச்சு. நீல மருந்து தின்ன எலியைத் தின்னிருக்கும். அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? ...பதினாலு வயசுப் பூனை.

பகையா? பகையெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. பேசுறதில்லை, அவ்வளவுதான். பதினோரு வருஷம். எங்க வீட்ல பன்னி அடிச்ச அன்னைக்கு, முப்பது பேரு இருக்காங்க, என் குலென் சாசேஜை வாயில போட்டுட்டு, "நெவென்கா, பூண்டு கொஞ்சம் தூக்கலா இருக்கு"ன்னா. முப்பது பேரு முன்னாடி! திஹோமிர்கிட்ட அன்னைக்கே கேட்டேன், பூண்டு தூக்கலான்னு. அவரு யோசிச்சாரும்மா. யோசிச்சாரு! அவர்கிட்டயும் ஒரு வாரம் பேசல. அவருக்கு அது தெரியவே இல்லை.

...எங்க? சத்தமா? அது ஃப்ரிட்ஜ்மா. பழசு, இப்படித்தான் பொரக் பொரக்னு கேக்கும்.

இன்னைக்குக் காலைல ஆஸ்பத்திரிலேர்ந்து ஃபோன். நர்ஸ் பொண்ணு. "அம்மா, ரெண்டு லிட்டர்!"ங்கிறா. என்ன ரெண்டு லிட்டர்? பாலா? "மூத்திரம்மா, ராத்திரிலேர்ந்து ரெண்டு லிட்டர், கிட்னி வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சு!" நான் இந்த அடுப்படியில நின்னு அழுதேன். ஒரு மனுஷன் மூத்திரம் போனதுக்கு அழுதவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். நர்ஸ் ஃபோனை அவர்கிட்டக் குடுத்தா. எப்படி இருக்கீங்கன்னேன். "பரவால்ல"ன்னாரு. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கிட்டு, "நெவென்கா, நான் யாருகிட்டயும் சொல்லல"ன்னாரு.

...ஒண்ணும் இல்ல. வீட்டு விஷயம். எழுதாதீங்க அதை.

நீங்க அடுத்து எலிப்பொறி வைக்க ஸ்லாட்டா வீட்டுக்குத்தானே? நல்லா வைங்க. பத்து வைங்க. ...நோயைப் பரப்புறது எலி மட்டும் இல்லையா? வேற என்னல்லாம்? வயலெலி. சரி. நரி, காட்டுப்பன்னி... ஆமா, ஆத்தங்கரைக் காட்டுல இருக்கு. அப்புறம்? கடைசியா என்ன சொன்னீங்க?

...முள்ளெலி.

ம்.

காபி ஆறுது, குடிங்க.

இல்ல, எனக்கு ஒரு சந்தேகம். அது நல்லாத்தானேம்மா இருக்கு? அதாவது, நல்லாத்தானே இருக்கும்? நல்லாத் திங்குது, நல்லாத் தூங்குது... திங்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். சீக்கு வந்த பிராணின்னா சுருண்டு கிடக்காதா? ...சரி, முள்ளெலி சும்மாவே சுருண்டுதான் கிடக்கும். அதுக்கு ஒண்ணும் ஆகாதா? அது பாட்டுக்கு நல்லா இருந்துக்கிட்டு, மூத்திரத்துல மட்டும் ஊருக்கெல்லாம் நோயை விட்டுக்கிட்டே இருக்குமா? மாசக்கணக்கா? எங்க பஞ்சாயத்துத் தலைவர் மாதிரி.

அந்த மூத்திரம் கலந்த தண்ணி மண்ணுல பட்டா? எவ்வளவு நாளு இருக்கும்? மழை ஈரம் காயலன்னா? ...வாரக்கணக்கா.

கையில கீறல் இருந்தாலே போதுமா?

...நீங்க ஏன் பேனாவைக் கீழ வச்சுட்டீங்க?

சரிம்மா. அது ஃப்ரிட்ஜ் இல்ல.

சரக்கு ரூம்ல இருக்கு, ஆப்பிள் பெட்டியில. அக்டோபர் பாதியில கிடைச்சுது. மழையில நனைஞ்சு, கைக்குள்ள அடங்கிடும், அவ்வளவுதான் இருந்துச்சு. அந்த எடையில குளிர்காலத் தூக்கம் போனா எந்திரிக்காதும்மா, செத்துடும். பூனைச் சாப்பாடு வாங்கிப் போட்டேன். பகல் முழுக்கத் தூக்கம், எந்திரிச்சா சாப்பாடு, அதனால மந்திரின்னு பேரு வச்சேன். திஹோமிருக்குப் பிடிக்கவே இல்ல. "காட்டு ஜீவன், காட்டுல விடு"ன்னாரு. அதுதான் அந்த மாசம் அவரு பேசின பேச்சு. நான் கேக்கல. எனக்கு முட்டி மடங்காது, குனிய முடியாது. அதனால பெட்டிக்குள்ள பேப்பர் மாத்துறது யாரு? அவருதான். வெறுங்கையோட. விறகுச் சிராய் கிழிச்ச கையோட, தினம் காலைல, ஒரு வார்த்தை பேசாம.

வச்சு வளர்த்தா குத்தம்னு யாரோ சொன்னாங்க. ஸ்லாட்டாவுக்குத் தெரிஞ்சா போட்டுக் குடுத்துடுவான்னு, "யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாது"ன்னு அவர்கிட்ட சத்தியம் வாங்கினேன். ஆஸ்பத்திரியில அந்த மீசை முளைக்காத டாக்டர் மொத நாளே கேட்டான்மா. "வீட்ல பிராணி ஏதாவது இருக்கா?"ன்னு. அவருக்கு நூத்தி நாலு காய்ச்சல். என்னைப் பாத்தாரு. நான் தலைய ஆட்டினேன், இப்படி, இல்லைங்கிற மாதிரி. "இல்ல"ன்னுட்டாரு. அந்த மூணு நாளு... அது டாக்டர் பண்ணின தப்பு இல்ல. நான் தலைய ஆட்டின மூணு நாளு.

எழுதுறீங்களா? எழுதுங்க. அதுக்காக நான் இதைச் சொல்லலம்மா. நான் சொல்ல வந்தது வேற. காலைலேர்ந்து சொல்லணும்னு, நீங்க கதவைத் தட்டினதுலேர்ந்து சொல்லணும்னுதான் பேசிக்கிட்டிருக்கேன், வாய் அதைத் தவிர மத்ததையெல்லாம் சொல்லுது.

அந்தப் பெட்டியை அவரு தூக்கி மேசை மேல வச்சா, வாரம் ரெண்டு தடவை நான் கழுவுவேன். கழுவின தண்ணியை வேலிக்கு அந்தப் பக்கம் ஊத்துவேன். அந்தப் பக்கம் ஸ்லாட்டாவோட முட்டைக்கோஸ் பாத்தி. தெரிஞ்சுதான் ஊத்தினேன். நாறட்டும்னுதான். எங்க குலென்ல பூண்டு தூக்கல்னா, உன் கோஸ்ல முள்ளெலி தூக்கலா இருக்கட்டும்னு. போன வாரம் அவ கோஸ் வெட்டினா, புளிக்கப் போட. நாள் முழுக்க அந்தச் சேத்துல, வெறுங்கையோட. கத்தி பட்ட கையி. நான் இதே ஜன்னல்லேர்ந்துதான்...

அவளுக்கு மூணு நாளா காய்ச்சல். ரொட்டி வண்டிக்காரி சொன்னா, ஃப்ளூவாம், படுத்துட்டாளாம். நல்லா வேணும்னு நினைச்சேன். ரொட்டிய வாங்கி வச்சுட்டு, நல்லா வேணும்னு சத்தமாவே சொன்னேன், வீட்ல யாரும் இல்லன்னு. இன்னைக்குக் காலைல குப்பை போட வெளிய வந்தா. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நடக்குறா, காலை இழுத்து இழுத்து. நான் வேலிகிட்ட நின்னேன். நிமிந்து பாத்தா. கண்ணு ரெண்டும்...

அழுத கண்ணு மாதிரி சிவப்பு.

எங்கம்மா ஓடுறீங்க? கோட்டு! கோட்டை விட்டுட்டீங்க! ஃபோன்ல யாரு, ஆம்புலன்ஸா? ஆம்புலன்ஸ்னா பச்சைக் கேட்டுன்னு சொல்லுங்க, சர்ச்சு தாண்டி மூணாவது. முன்வாசல் பூட்டியிருப்பா, பின்பக்கமா வாங்க, வேலியில பலகை ஒண்ணு ஆடும், இதோ... மெதுவா. எனக்கு முட்டி மடங்காது, கையைக் குடுங்க. ஐயோ, கோஸ் பாத்தியில மிதிக்காதீங்க. சுத்திப் போங்க!

ஸ்லாட்டா! ஏய் ஸ்லாட்டா! கதவைத் திற. நான்தான், நெவென்கா.

...எனக்குத் தெரியும் நீ உள்ளதான் இருக்கேன்னு. திறக்காட்டிப் போ, அங்கிருந்தே கேளு. உனக்கு ஃப்ளூ இல்லடி. திஹோமிருக்கு வந்ததுதான் உனக்கும். உன் எலி குடுத்தது இல்ல. உன் களஞ்சியத்து மேல ஒரு தப்பும் இல்ல. நான் ஒரு முள்ளெலி வச்சிருக்கேன். அது பெட்டிய கழுவின தண்ணிய உன் பாத்தியில ஊத்தினேன். ஆமா, வேணும்னுதான். பூனையும் என்னாலதான் போச்சு. எல்லாம் நான்தான்.

...என்ன சொன்னே? சத்தமா சொல்லு.

சரி, பைத்தியம்தான். அதுவும்தான். ம். அதுவும் சரி. எங்கம்மாவை ஏன் இழுக்குறே, அவங்க செத்து இருபது வருஷமாச்சு. சரி, இழு. எவ்வளவு வேணும்னாலும் திட்டு, நான் எங்கயும் போகல. ஆனா திட்டிக்கிட்டே அந்தக் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கோ, செருப்பை மாட்டு. ஆம்புலன்ஸ் வருது. போனதும் மொதல்ல பெனிசிலின் கேளு. என்ன பிராணின்னு அவங்க கேட்டா நான் சொல்றேன், நானும் ஏறி வர்றேன்.

...திறந்துட்டாம்மா. பிடிங்க, பிடிங்க அவளை, நிக்க முடியல அவளால.