மெழுகு வைத்த மூடி

“டாங்கி மூடியைத் திறந்து வச்சிட்டு உதையுங்க மச்சான்.”

கிண்ணியாத் துறையில் வண்டிகளையும் ஏற்றிப்போகும் பாதைப் படகுக்காக நின்ற வரிசையில், எனக்கு முன்னால் ஒரு வண்டிக்காரரும் அவருடைய மச்சானும். வழக்கம்போலப் படகைக் காணவில்லை. வண்டிக்காரர் உதைத்ததும் பழைய மோட்டார் சைக்கிள் உடனே உறுமியது. மூடியைப் பூட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் நின்றுபோனது. மச்சான் மூடியைக் கழற்றிப் பார்த்தார்.

“மூடியில காத்து ஓட்டை அடைச்சிருக்கு. காத்துப் போகாட்டி பெற்றோல் இறங்காது. ஆரு மெழுகு வச்சது?”

“நான்தான். படகில உப்புத்தண்ணி தெறிச்சு உள்ள போகுமெண்டு வச்சனான்.”

“எப்ப?”

“நோன்புக்கு முன்ன.” வண்டிக்காரர் மூடியையே பார்த்தார். “அப்ப நோன்பில உம்மாவை ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கொண்டு போகேக்க வண்டி நிண்டதும் இதாலதானோ? உம்மா றோட்டிலயே மவுத்தாப் போனா.”

“இல்ல மச்சான். அது பிளக் பழுது.”

பச்சைப் பொய். சொன்னவர் ஊசியால் மெழுகைக் கிளறிக்கொண்டிருந்தார். நிமிரவேயில்லை.