சாரலில் இழுத்த பங்கா

இழுக்காதவன நிப்பாட்டுங்க, அது ஞாயம். இழுத்தவன நிப்பாட்டுனா அது என்ன ஞாயம் ஆச்சி? நீங்களே சொல்லுங்க.

இல்ல இல்ல, நான் உக்கார வரல. நின்னவாக்குல ஒரே ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருதேன். நான் ஆளக் கண்டா பேசவே மாட்டேன் ஆச்சி. கூச்சம். எங்கம்ம சொல்லுவா, "உலகம்மையப் பொண்ணு பாக்க வந்தவுக, வாய் பேசாத பிள்ளைன்னு நெனச்சுத்தான் சரின்னுட்டுப் போனாவ"ன்னு. இன்னைக்குக்கூட ஒங்க பின்வாசல் வரைக்கும் வந்துட்டு ரெண்டு தடவ திரும்பிட்டேன். பொறவு சாரல் வலுத்துட்டு, பிள்ள நனையும்னுதான் உள்ள வந்தேன். சரி, உக்காரச் சொல்லுதிய... உக்காந்துக்கிடுதேன்.

நீங்க பாட்டுக்கு அவரைக்காய அரிங்க. ஏட்டி ஆவுடைத்தாயி, அருவாமனப் பக்கம் போவாத! இந்தா, இந்த மங்குஸ்தானப் பிடிச்சுக்கோ... இது ஒங்களுக்குக் கொண்டாந்ததுதான் ஆச்சி. லஞ்சம்னு நெனச்சிராதிய. ஆபீஸ் தோட்டத்துல மரத்துக்குக் கீழ கெடந்துது. அப்பிடிப் பாத்தா அதுவும் சர்க்கார் சொத்துதான்... என் வாய் இருக்கே!

எங்க வீட்டுக்காரவுக சமாச்சாரந்தான். ஒங்க வீட்டு அய்யா ஹெட்கிளார்க்கு, அவுக சொன்னா சொன்னதுதான். முந்தாநேத்து, "நாளையிலருந்து வராத"ன்னுட்டாவ. கூரையில தொங்குத துணி விசிறி, அந்தப் பங்காவக் கயித்தால இழுக்குத மனுசருக்கு அத விட்டா வேற என்ன தெரியும்? மூலையில உக்காந்து காலை ஆட்டிக்கிட்டே இருக்காவ. பாக்கச் சகிக்கல.

நான் ஒண்ணு கேக்கேன், தப்பா எடுத்துக்கிடாதிய. வருசா வருசம் ஆனி பொறந்தா ஒங்க ஆபீஸு திருநவேலி வெயிலுக்குப் பயந்து குத்தாலத்துக்கு வந்துருது. வரட்டும். வருதது, வெயிலுக்குன்னு வச்சிருந்த சாமான் அத்தனையையுமா ஏத்திக்கிட்டு வரணும்? பங்கா வருது, அத இழுக்க மட்டும் எங்க வீட்டுக்காரவுகள இங்கனயே பிடிச்சுக்கிடுதாவ. வெட்டிவேர்த் தட்டி வருது. தட்டியில தண்ணி தெளிக்க ஒரு ஆளு வருதான். இங்கன வானமே தெளிச்சுக்கிட்டுக் கெடக்கு ஆச்சி! அவன் ஒரு கையில கொடையப் பிடிச்சுக்கிட்டு, மத்த கையால தட்டிக்குத் தண்ணி ஊத்துதான். என் கண்ணால பாத்தேன். சிரிச்சிட்டேன். பொறவு வெக்கமாப் போச்சு. எம் மாப்ள அதே சாரல்ல பங்கா இழுக்குதாவ, நான் அவனப் பாத்துச் சிரிக்கேன்!

அந்த முத்துவடிவு இருக்கால்லா, தபால் பெட்டி சொமக்குதவரு பொண்டாட்டி. சித்தாத்துல துணி தொவைக்கைல பத்துப் பொம்பளையளுக்கு முன்னால கேக்கா, "ஏட்டி உலகு, சாரல்ல எல்லாருந்தான் போத்திக்கிட்டு ஒறங்குதாவ, ஒம் மாப்ளைக்கு மட்டும் அதுக்குச் சம்பளமாம்லா?"ன்னு. எனக்கு நாக்குவரைக்கும் வந்துட்டு, 'ஒம் புருசன் தெனமும் தென்காசிக்குக் காலிப் பெட்டியத்தான சொமக்குதாரு'ன்னு. சொல்லலியே! கூச்சம்லா. அது காலிப் பெட்டிதான் ஆச்சி. உள்ள தாளு இருந்தாலும் இல்லாட்டாலும் பூட்டித்தான் கொண்டு போவணுமாம். காத்த அடைச்சுப் பூட்டி, அத ஒரு ஆளு சொமந்து, அங்கன ஒருத்தரு தொறந்து பாத்து, மறுபடி பூட்டிக் குடுத்து... சர்க்கார் காத்துன்னா அம்புட்டு மதிப்பு!

ஆனா அவ சொன்னது நெஞ்சுல முள்ளா நின்னுட்டு. அங்கனதான் வந்துது வெனை. அதப் பொறவு சொல்லுதேன்.

முந்தாநேத்துன்னு பாத்து வருதாரு அந்தத் துரை. மெட்ராசுலருந்து. செலவக் கொறைக்க வந்த துரையாம். எவன் சும்மா இருக்கான்னு பாத்துக் கழிக்கதுக்கு ஒரு துரை, துரைக்கு ஒரு காரு, காருக்கு ஒரு டிரைவரு, கூட ரெண்டு கிளார்க்கு, ஒரு சமையக்காரன். செலவக் கொறைக்கது லேசான காரியமா? ஒங்க அய்யா வெள்ளனவே எல்லாரையும் கூப்பிட்டு, "இன்னைக்கு ஒருத்தனும் சும்மா இருக்கக் கூடாது"ன்னு சொல்லியிருக்காவ. தட்டிக்காரன் ரெண்டு கொடம் கூடுதலா ஊத்தியிருக்கான்.

துரை உள்ள வந்து உக்காந்துட்டாரு. எங்க வீட்டுக்காரவுக பின்கட்டுல, சொவத்து ஓட்ட வழியா வருத பங்காக் கயித்தக் கால் பெருவெரல்ல மாட்டிக்கிட்டுச் சாஞ்சிருக்காவ. எப்பவும்போலத்தான். எப்பவும்போலக் கண்ணு சொக்கிட்டு. எப்பவும்போலக் காலை ஆட்டியிருக்காவ. அவ்வளவுதான் ஆச்சி! மேல தொங்குத பங்கா படார்னு ஒரு வீச்சு. மேசைல இருந்த தாளு பூராவும் கொக்குக் கூட்டம் மாரி எந்திச்சு சன்னல் வழியா போயிட்டாம். மைப்புட்டி சாஞ்சு ஒங்க அய்யா வேட்டியில... ஆமா, நீங்கதான தொவச்சிருப்பிய. கறை போச்சா? எலுமிச்சங்காயத் தேச்சுப் பாருங்க.

துரை தும்முனாராம். பொறவு எந்திச்சு விறுவிறுன்னு பின்கட்டுக்கே வந்துட்டாராம். பாத்தா... அவுக ஒறங்குதாவ. கால் மட்டும் ஆடுது. துரை இங்கிலீசுல என்னமோ சொன்னாராம். ஒங்க அய்யாவுக்கு மொகம் வெளுத்துட்டாம். கார் அங்கன திரும்புததுக்குள்ள இங்கன அவயம் போட்டுக் கத்திட்டாவ, "வேணும்னே எனக்குக் குழி பறிச்சிட்டியேலே"ன்னு. அதுதான் எனக்குப் பொறுக்கல ஆச்சி. வேணும்னு ஒரு காரியஞ் செய்யுத ஆளா அவுக?

வீட்டுக்கு வந்த பொறவுதான் எங்கிட்ட விசயத்தச் சொன்னாவ. ஒங்க அய்யாவே அந்தக் கயித்தத் தளத்தி விட்டுருந்தாவளாம்லா? ஒங்களுக்குத் தெரியுமா?... தெரியுமா! ஊருக்கே தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியல. மொத வருசம் சாரல்ல பங்காவ இழுத்து, உள்ள இருந்தவுகளுக்கெல்லாம் சளி பிடிச்சு மூக்கு ஒழுகிட்டாம். அப்பம் பங்கா வேண்டாம்னு எழுதிர வேண்டியதுதான? எழுதக் கூடாதாம்! குத்தாலத்துல வேண்டாம்னு ஒரு தடவ எழுதிட்டா, திருநவேலி வெயில்லயும் வேண்டாம்னு எடுத்துருவாவளாம். அதனால கயிறு ஆடணும், பங்கா ஆடக் கூடாது. அதுதான் வேல. மொதல்ல எங்க வீட்டுக்காரவுகளே மலச்சுப் போயி, "நான் இழுக்கேன், அது அசையலியே"ன்னு அழாத கொறையா நின்னாவளாம். பொறவு பழகிட்டு. தளந்த கயிறு ஆடுதது வெளிய தெரியணும்னா காலை நல்லா வீசணும்லா? வீசி வீசி, இப்ப ஒறக்கத்துலயும் தன்னால வீசுது. வீட்ல பாய்லயும் வீசுது ஆச்சி. நானும் பிள்ளையும் சொவத்தோரம் ஒண்டிக் கெடக்கோம்.

அப்பம் அந்தக் கயித்த இறுக்குனது ஆருன்னு கேக்கியளா...

இருங்க, பிள்ளைக்கு மூக்கத் தொடச்சிருதேன். சாரல் இன்னைக்கு விடாது போலருக்கு. அவரைக்கா நல்ல பிஞ்சு ஆச்சி, கடையில வாங்குனதா?

நாந்தான் ஆச்சி.

முத்துவடிவு பேசுன மறுநாளு, அதான் அந்தத் துரை வந்த அன்னைக்குக் காலையில, கஞ்சி கொண்டு போனேன். அவுக வெத்தல வாங்கப் போயிருந்தாவ. பாக்கேன், பங்காக் கயிறு துணி காயப் போடுத கொடி மாரித் தொங்குது. அட பாவமே, மனுசரு நாள் பூரா கால் வலிக்க ஆட்டுதாவளே, கயிறு தளந்து அம்புட்டு ஒழைப்பும் வீணாப் போவுதே, அதனாலதான இவளுவ இளக்காரமாப் பேசுதாளுவன்னு எனக்கு ஆத்தாமையாப் போச்சு. வீட்ல தொட்டில் கயிறு தளந்தா நான் என்ன செய்வேன்? மடிச்சு, சுருக்குப் போட்டு, ஏத்திக் கட்டுவேன். கை அடுப்புல, கால் தொட்டில் கயித்துல, அப்பிடித்தான இவள வளக்கேன். பெருவெரல்ல மாட்டுத வித்தைய அவுகளுக்குச் சொல்லிக் குடுத்ததே நாந்தான். அதே முடிச்சப் போட்டேன். பத்துப் பிள்ள தொங்குனாலும் அவுராது. பெருமை தாங்காம வீட்டுக்கு வந்தேன். அவுககிட்டச் சொல்லல. பொம்பள போயி ஆபீஸ் கயித்தத் தொட்டேன்னா வைவாவல்லா.

நான் படிச்சது மூணாங்கிளாஸ் ஆச்சி. இன்னும் ஒரு கிளாஸ் படிச்சிருந்தா, ஆபீஸ்ல தொய்ஞ்சு கெடக்குத எதையும் இறுக்கிறக் கூடாதுன்னு தெரிஞ்சிருக்கும்.

அதனால அய்யாகிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லணும். அவுகளப் பழையபடி சும்மா இருக்க விடச் சொல்லுங்க. வேல வேண்டாம் ஆச்சி. ஒரு நாளு வேல பாத்துதான் இந்தக் கெதி. கயித்த வேணா நானே வந்து...

என்ன ஆச்சி, சிரிக்கிய? தந்தியா? காலையில வந்துட்டா? துரைகிட்டருந்தா?... வேல போவலியா! அம்மா உலகம்மையே, ஒம் பேர வச்சுக்கிட்டு நான் பேசுன பேச்சுக்குக் கண்ணக் குத்தாம விட்டியே! அப்பம் அன்னைக்கு இங்கிலீசுல சொன்னது மெச்சித்தானா? 'ஒறங்கிக்கிட்டே ஒத்தக் கால்ல இந்த வேகம்னா, முழிச்சிருந்தா எப்பிடி இழுப்பான்'னா? அய்யோ, அவரு தலையில என்னத்தச் சொல்ல!

எங்க? திருநவேலிக்கா? பெரிய ஆபீஸுக்கா? அங்கன நெசமாவே இழுக்கணுமே ஆச்சி. அவுகளுக்கு அது பழக்கமே இல்லியே... சரி சரி, இழுக்கட்டும். உக்காந்து தேய்ஞ்ச ஒடம்புதான, கொஞ்சம் வளையட்டும்.

அங்கன முன்னமே ஆளு இருக்குமே? நாலு பேரா? அவுகளுக்கு வேற வேலையா?

...நாலு பேரையுமா நிப்பாட்டிட்டாவ?

இவுக ஒருத்தரு இழுப்பாவன்னா?

அந்த நாலு பேருக்கும் கலியாணம் ஆயிருக்குமா ஆச்சி? இல்ல... சும்மா கேட்டேன். பிள்ளகுட்டி இருக்குமா? இருக்கும். இல்லாமயா. அவளுவளும் யார் வீட்டுப் பின்வாசல்லயாவது போயி நிப்பாளுவ. வாயத் தொறக்க மாட்டாம நிப்பாளுவ.

ஆச்சி, ஒண்ணு செய்ங்க. அய்யாகிட்ட நான் சொன்னத அப்பிடியே சொல்லிருங்க. அது அவுக கால் வேகமில்ல, அவுக பொண்டாட்டி போட்ட தொட்டில் முடிச்சுன்னு துரைக்கு எழுதிப் போடச் சொல்லுங்க... வேண்டாம், சொல்லிராதிய! சொன்னா நாங்க தெருவுலல்லா நிப்போம். சொல்லாட்டா அந்த நாலு வீடும்... சொல்லிருங்க. இல்ல, இருங்க, செத்த நேரம் இருங்க, நான் யோசிச்சுச் சொல்லுதேன். ஆச்சி? அரிஞ்ச காயத் தூக்கிக்கிட்டு எங்க எந்திச்சிட்டிய? அய்யா கூப்பிடுதாவளா? அவுககிட்ட இப்பம் என்ன சொல்லப் போறிய? ஆச்சி, கதவச் சாத்திராதிய ஆச்சி, நான் இன்னும் சொல்லி முடிக்கலியே!