மினுங்காத பட்டன்கள்

— அதுக்காக, கூடப் பிறந்த தம்பி செஞ்ச ஆப்பைத்தான் முதல்ல வெட்டணுமாக்கா?

— உன்னோடதுன்னு பாத்து வெட்டலடா. மூணையும் ஒரு மாசம் வகுப்புல போட்டுப் பாத்து வெட்டியாச்சு. பாலர் வகுப்புக்குக் கணக்கு ஆப்பே வேண்டாம்னு இன்னைக்கு மீட்டிங்ல சொல்லப்போறேன். செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா, தெருவுக்கே கேக்குது.

— நீ சொல்றதைத்தான் ஹெட்மாஸ்டர் கேப்பாருன்னு தெரியும். அதான் ஆபீஸ்லேருந்து ஓடி வந்தேன். எங்களுக்கு இதுதான் முதல் ஸ்கூல்க்கா. இது போச்சுன்னா டீமையே கலைச்சிடுவாங்க. நான் வீட்டுல உக்காந்து மோட்டுவளையைப் பாக்க வேண்டியதுதான்.

— எங்க அக்கா டீச்சர், அவ பாத்துப்பான்னு ஆபீஸ்ல பீத்திக்கிட்டியா?

— லேசா.

— நினைச்சேன். வாலு! ஷூ எங்கடி? ஒரு கால்ல போட்டுட்டு இன்னொரு கால்ல என்ன ஆட்டம்?

— இன்னொரு ஷூ ஒளிஞ்சுக்கிச்சும்மா.

— தேடு, ஓடு. ஐயோ, என் பை எங்க வச்சேன்... இதப் பாருடா, மத்த ரெண்டு ஆப்பையும் விடு. ஒண்ணு பாட்டுப் பாடியே உயிரை எடுக்குது. இன்னொண்ணுல தப்புப் போட்டா ஒரு கரடி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குது. அந்தக் கரடியைப் பாக்கவே பாதிப் பிள்ளைங்க வேணும்னு தப்பாப் போடுதுங்க. உன்னோடதுல மட்டும் எல்லாப் பிள்ளையும் நூத்துக்கு நூறு. அங்கதான் எனக்குச் சந்தேகமே வந்துச்சு.

— நூத்துக்கு நூறு வாங்கினா சந்தேகமா? நல்லா இருக்கே உன் நியாயம்!

— வாலு, ஷூ அப்புறம். இங்க வா. மாமா போன்ல அந்த ஆப்பிள் கணக்கைப் போட்டுக் காட்டு.

— மாமா போன் பெருசு! நான்தான் வச்சுப்பேன், நீ தொடாத மாமா!

— வச்சுக்கோ செல்லம். பாருக்கா, அஞ்சு ஆப்பிள், அஞ்சைத் தொட்டுட்டா. இப்ப ஏழு. அதையும் தொட்டுட்டா. இதுல என்னக்கா குறை கண்டே?

— அவ விரலைப் பாக்காத. கண்ணைப் பாரு. கேள்வி வந்ததும் என்ன பண்றா?

— யோசிக்கிறா.

— எங்கடா யோசிக்கிறா? ஆப்பிள் பக்கமே திரும்பல. கீழ இருக்கிற நம்பரையே முறைச்சுக்கிட்டு இருக்கா. ஏண்டி, எப்படிடி கண்டுபிடிக்கிறே?

— கொஞ்ச நேரம் சும்மா இருக்கணும் மாமா. அப்புறம் ஒரு நம்பர் மினுங்கும். அதைத் தொட்டா பூ கொட்டும். இதுகூடத் தெரியாதா உனக்கு?

— கேட்டியாடா? அது ஏன் மினுங்குது?

— அது... தப்பு வந்தா பிள்ளை அழும்க்கா. பிள்ளை அழுதா அம்மா ஆப்பையே அழிச்சிடுவா. அதனால, தடுமாறுற பிள்ளைக்குச் சரியான நம்பர் லேசா மினுங்கட்டுமேன்னு...

— யாரு குடுத்த யோசனை?

— நான்தான். மேனேஜர் கைதட்டினாரு.

— தட்டுவாரு, தட்டுவாரு. என் வகுப்பு மொத்தமும் ஒரு மாசமா மினுங்குற வரைக்கும் குந்திக்கிட்டு இருக்குது! என் போன் அடிக்குது பாரு, ஸ்கூலாத்தான் இருக்கும். எடுக்காத.

— சரிக்கா, என்மேலதான் தப்பு. எடுத்துடறேன் அதை. ஆனா ஆப்பே வேண்டாம்னா, வேற எதை வச்சுச் சொல்லித்தரப்போறே?

— என் தையல் டப்பாவை வச்சு. சிரிக்காத. நான் எதிர்ல உக்காந்து பட்டனைப் பரப்பி, பிள்ளையைத் தொட்டுத் தொட்டு எண்ண வைப்பேன். என் வகுப்புல ஒரு பிள்ளைகூடத் தப்பு விடாது. இவளையும் கூட்டிட்டுத்தான் போறேன். ஹெட்மாஸ்டர் முன்னாடி எண்ணிக் காட்டுவா. அடுத்த வருஷம் ஒண்ணாம் வகுப்புல சேத்துக்கலாமான்னு அப்பவே முடிவு பண்ணிடுவாரு.

— இப்பவேவா? என்னக்கா அவசரம்?

— இவ அப்பாவுக்கு, இவ மந்தமோன்னு ஒரு நினைப்பு. வாயைத் திறந்து சொல்ல மாட்டாரு. சாப்பிடும்போது இவளைப் பாத்துப் பெருமூச்சு விடுவாரு. எனக்குப் பத்திக்கிட்டு வரும்டா. எம் பொண்ணு மந்தமில்லன்னு இன்னையோட தெரிஞ்சு போகணும்.

— எனக்கு ஒரு தடவை காட்டேன்.

— நேரமாச்சுன்னு... சரி, இந்தா, பட்டனைப் பரப்பிட்டேன், பாத்துக்கோ. வாலு, எண்ணு.

— ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... அஞ்சு... ஆறு. ஆறும்மா!

— என் தங்கம்! பாத்தியாடா? எங்கயாவது மினுங்குச்சா?

— இன்னொரு தடவை போடு.

— எத்தனை தடவை வேணும்னாலும். எண்ணுடா கண்ணு.

— ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு... எட்டு! மாமா, எட்டு!

— எப்படி? என்னடா அப்படிப் பாக்குறே? வயித்தெரிச்சலா?

— அக்கா... அவ பட்டனைப் பாக்கலக்கா.

— விளையாடாத.

— சத்தியமா. விரல்தான் பட்டன்மேல போகுது. கண்ணு உன் மூஞ்சியிலயே இருக்கு. எட்டு வந்ததும் உன் புருவம் மேல போச்சு. அவ நிறுத்திட்டா.

— உன் ஆப் போச்சுங்கிற கடுப்புல வாய்க்கு வந்ததைப் பேசாத.

— வகுப்புலயும் இப்படித்தான் எதிர்ல உக்காந்துக்குவியா? எல்லாப் பிள்ளைக்கும்?

— பின்ன? முதுகைக் காட்டிக்கிட்டா பாடம் நடத்துவாங்க?

— ஒரே ஒரு தடவை காட்டு. சுவத்தைப் பாத்து நில்லு. நான் போடறேன்.

— வண்டிக்காரர் வந்து ஹாரன் அடிக்கப்போறாருடா...

— பயமாக்கா?

— எனக்கென்ன பயம்? இந்தா, திரும்பிட்டேன். போடு. வாலு, மாமா போட்டதை எண்ணு. ஹெட்மாஸ்டருக்குக் கேக்கற மாதிரி சத்தமாச் சொல்லணும், என்ன?

— ஒண்ணு! ரெண்டு! மூணு! நாலு! அஞ்சு! ஆறு!

— எத்தனை போட்டேடா?

— நீ பேசாத. திரும்பாத.

— ஏழு... எட்டு... ஒம்பது...

— கை நிறைய அள்ளிக் கொட்டிட்டியா? சின்னப் பிள்ளையை வச்சு ஏமாத்துறியா நீ?

— பத்து... பதினொண்ணு...

— எத்தனைன்னு கேக்கறேன்ல! சொல்லித் தொலைடா!

— நாலுக்கா. நாலே நாலு. விரல் சுத்திச் சுத்தி முதல் பட்டனுக்கே வருது.

— பன்னெண்டு... பதிமூணு... அம்மா, இந்தப் பக்கம் திரும்பும்மா! உன் மூஞ்சி தெரியாம நான் எப்படி நிறுத்துறது?